சாமி இல்லை, தோள்பட்டை

மரத்தூளை அள்ளிவிட்டார்கள், அதனால்தான் நான் விழுந்தேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒருத்தராவது எழுதிக்கொள்ள வேண்டுமே.

எண்பதுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து மெஷினில் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் செய்யச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒழுகுகிற இடத்தில் மரத்தூளைக் கொட்டி, அதன்மேல் கால் வைத்து நடப்போம். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தூளையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, தரையை டீசல் போட்டுத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்தார்கள். ஆயில் ஒழுகுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. இரும்புச் சாமான் நிறைந்த டிரேயைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மேலே இருந்த கூரைத் தகடு. வலது தோளுக்குக் கீழே எலும்பு விட்டுப்போயிருந்தது.

ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தொழிலாளி ஷூ அணியாமல் அஜாக்கிரதையாக நடந்தாராம். அடப் பாவிகளா! பெண்கள் காலுக்கு ஆகிற ஷூ அந்தக் கம்பெனிக்குள் ஒரு ஜோடிகூட வந்ததில்லை. கேட்டபோதெல்லாம் "ஆர்டர் போட்டிருக்கு" என்ற ஒரே பதில்தான் வரும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கை ஏறவில்லை. மார்பு வரைக்கும் வரும், அதற்குமேல் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும். என்னால் தலை பின்னிக்கொள்ள முடியாது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் டர்னர், அவர்தான் பின்னிவிடுவார். அந்தப் பிடியில் என் புருவம் ரெண்டும் மேலே ஏறிக்கொள்ளும். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

கம்பெனியின் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். மீசையைத் தடவிக்கொண்டே பேசுகிற மனுஷன்.

"மூணு மாசம் டைம் தரேம்மா. டிரேயத் தூக்கி மேல் ரேக்குல வச்சுக் காட்டுங்க. முடியலன்னா நீங்களே எழுதிக் குடுத்துட்டு மரியாதையா போயிடுங்க."

என் மரியாதைமேல் அவருக்கு அவ்வளவு அக்கறை! எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். பட்டறை வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு ஆள் வேண்டாம் என்பார்கள். அந்த வேலையை விடுவதற்கு நான் என்ன கிறுக்கியா?

வழி காட்டியது பஸ் ஸ்டாண்டு பக்கம் பேரிங் கடை வைத்திருந்த பாய். என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் பேரிங் வாங்கப் போன இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். பாய் குடும்பம் பினாங்கில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அங்கே அவருடைய சம்சாரத்துக்கு ஒருமுறை முதுகெலும்பு பிசகி, பக்கத்து வீட்டுச் சீனக்காரிகள் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்து நடக்க வைத்தார்களாம். "அனுப்பி வைப்பா, எங்க வீட்ல சொல்லித் தருவாங்க" என்றிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு என்னைவிட ரெண்டு வயது குறைவு. கடைக்கு மேலே இருந்த மொட்டை மாடியில் நிற்க வைத்தாள். காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, பெரிய குடத்தைக் கட்டிப் பிடித்த மாதிரி ரெண்டு கையையும் முன்னால் வளைத்துக்கொண்டு, கண்ணை மூடி மூச்சு விட வேண்டும். இதற்குப் பெயர் சீகோங் என்றாள். ஐந்து நிமிடம் ஆனது. வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நிக்கறதுக்கா என்ன வரச் சொன்ன? மெஷின் முன்னாடி எட்டு வருஷமா நின்னவ நானு. நிக்கறதுல எனக்குப் பாடமா?"

அவள் சிரிக்கவில்லை. குனிந்து என் முழங்காலைத் தொட்டாள். "பாருங்கக்கா, இப்பவும் பூட்டித்தான் வச்சிருக்கீங்க. பல்லையும் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க. தோள் எப்படி இறங்கும்?"

உண்மைதான். பல்லைக் கடித்திருப்பதே அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மீசைக்காரரை நினைத்துக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தினமும் விடியக்காலை செய்ய வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது என்றாள். முதலில் நிற்பது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டே கையை மெதுவாக மேலே தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குவது. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும், முட்டி மோதக்கூடாது. எனக்கோ முட்டித்தான் பழக்கம். முதல் வாரம் மூன்றாம் நாளே வேகமாகத் தூக்கிவிட்டு, ரெண்டு நாள் கஞ்சி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தேன். அப்போது அவளைத் திட்டினேன், பினாங்கைத் திட்டினேன், சீனாவையே திட்டினேன். மூன்றாம் நாள் விடிந்ததும் மறுபடி போய் நின்றேன். வேறு போக்கிடம் ஏது?

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஆறு குடித்தனம், நடுவில் ஒரு வாசல், ஒரு துவைக்கிற கல். வீட்டுக்குள் கையை நீட்டினால் சுவர் இடிக்கும். அதனால் வாசலில்தான் நிற்பேன். ஓசூர்க் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, கையை அரை அங்குலம் அரை அங்குலமாகத் தூக்குவேன். வலியில் உடம்பு நடுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், மூச்சு உஸ் உஸ்ஸென்று வரும்.

அதைப் பார்த்து அவர்களுக்கு என்ன தோன்றும்? ஒருநாள் கண்ணைத் திறந்தால் காலடியில் விளக்கு, வேப்பிலை, எலுமிச்சம்பழம். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா ஈரப் புடவையோடு கும்பிட்டு நிற்கிறார், அவர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர்.

"தாயே மாரம்மா, நம்ம மகளுக்கு மதுவே யாவாக ஆகும்? சொல்லும்மா."

மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று என்னிடம் குறி கேட்கிறார்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல! கை ஒடஞ்சவ கையத் தூக்கிப் பாத்துக்கினு இருக்கேன்! எடுங்க இதெல்லாம்!"

கத்தினது தப்பு. மாரம்மா கோபக்காரி என்று ஊருக்கே தெரியும். நான் கத்தக் கத்த அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் விளக்கு ரெண்டாகிவிட்டது. கெலமங்கலத்திலிருந்து அவருடைய தங்கையும் வந்துவிட்டாள். தினமும் நான் தொண்டை கிழியக் கத்த, தினமும் என்மேல் பக்தி ஏறிக்கொண்டே போனது. "சும்மா இரேன்டி, பழம் மிச்சம்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கும் விழும் திட்டு.

அத்தனை ரகளைக்கு நடுவிலும் ஒருநாள் விடவில்லை. மழையானாலும் பனியானாலும் நின்றேன். முழங்கால் தானாகத் தளர்ந்தது. ரெண்டாம் மாதம் கை தோள் உயரம் வந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் மூச்சை இழுத்தேன், கை காதைத் தாண்டிப் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கார அம்மா தேங்காய் உடைத்தார். அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.

கெடு முடிகிற நாள் கம்பெனிக்குப் போனேன். போர்மேன் பார்த்திருக்க, ஆபீசர் பார்த்திருக்க, முழு டிரேயைத் தூக்கி மேல் ரேக்கில் வைத்தேன். இறக்கி மறுபடியும் வைத்தேன். என்னோடு வேலை செய்த பெண்கள் கைதட்டினார்கள். ஆபீசர் தன் அறைக்கு வரச் சொன்னார்.

மேசைமேல் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"கை சரியாயிடுச்சு, சந்தோஷம். ஆனா உங்களுக்கு சாமி வருதாமே? உங்க லைன் வீட்ல இருந்து இங்க வேலைக்கு வர்ற பொண்ணுங்களே சொல்றாங்க. சாமி ஆடறவங்கள நான் எப்படிம்மா மெஷின்கிட்ட விடறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மூன்று மாதம்! மேசைக் கண்ணாடியை உடைத்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். நான் கத்துவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். கத்தினால் போதும், சாமி வந்துவிட்டது என்று எழுதிவிடலாம். கதவுகூடத் திறந்துதான் இருந்தது, சாட்சிக்கு.

காலை அகட்டினேன். முழங்காலைத் தளர்த்தினேன். கைகளை வளைத்து, கண்ணை மூடி, மூச்சை விட்டேன்.

"என்னம்மா பண்றீங்க? இந்தாங்க... வெளிய போங்க. வாட்ச்மேன்! இவங்களக் கூட்டிக்கிட்டுப் போய்யா!"

வாட்ச்மேன் வந்த சத்தம் கேட்டது. பூட்ஸைக் கழற்றுகிற சத்தமும் கேட்டது.

"நான் தொட மாட்டேன் சார். புள்ளகுட்டிக்காரன்."

கண்ணைத் திறந்து, இது எக்சர்சைஸ் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று அத்தனை நாள் கத்தின அதே வார்த்தைதான். சொல்லவில்லை. மூச்சை இழுத்தேன், கைகள் மேலே போயின. நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது.

"சரி... சரிம்மா. நாளைக்கு டூட்டிக்கு வந்துடுங்க." குரல் உள்ளே போய்விட்டிருந்தது. "மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

நான் முழு டிரேயை ரெண்டு முறை தூக்கிக் காட்டியது அவர் கண்ணில் படவில்லை. ஒன்றும் செய்யாமல் நின்றதற்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். பாய் வீட்டு அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, நான் பல் கடித்துப் பழகியதை, நானே மாரம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது, வேலை வேண்டுமே.

மறுநாள் ஆர்டர் கொடுத்தார்கள். கேட்டில் நின்றே படித்தேன். தொழிலாளி மனிதாபிமான அடிப்படையில் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று எழுதியிருந்தது. மனிதாபிமானமாம்! கை குணமாகிவிட்டது என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை.

அந்தக் காகிதத்தோடு உள்ளே போய்ப் பதினேழு வருடம் வேலை செய்தேன். இன்றைக்கும் விடிந்ததும் போய் நிற்கிறேன். மூச்சை இழுத்தால் கை ஏறுகிறது. கோபம்தான் இறங்க மாட்டேன் என்கிறது.