வெள்ளிமலையும் மொச்சை வண்டின் மெழுகும்

வெள்ளிமலைக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலாக அங்கே போனது சுற்றிப் பார்க்க அல்ல, வீம்புக்கு. எண்பதுகளின் கடைசி, இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். நான் சென்னையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். மொச்சையைத் துளைக்கும் வண்டுதான் என் ஆய்வு.

பூச்சிகளின் உடம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. பெரும்பாலும் ஹைட்ரோகார்பன்கள். அது இருப்பதால்தான் அந்தத் துளியூண்டு உடம்பில் உள்ள தண்ணீர் ஆவியாகாமல் நிற்கிறது. வெள்ளிமலையில் விதை மொச்சையை வண்டு தின்னாமலிருக்கச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள். சாம்பல் மெழுகைச் சுரண்டி உறிஞ்சிவிடுகிறது, வண்டு காய்ந்து சாகிறது என்பது என் கட்சி. வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்தார். "சாம்பல்ல காரம் இருக்கு, அந்த விஷத்துல சாகுது, அவ்வளவுதான். உங்களுக்கென்னம்மா, கோட்டா இருக்கு. எதை எழுதினாலும் தேறிடுவீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுமுறை முடிவதற்குள் நிரூபிக்காவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும், ஒரு வருடம் போச்சு.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை 5.40 பேருந்தில் கிளம்பினேன். கள்ளக்குறிச்சிக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இறங்கி நடந்தோம். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற காவலர் என் பையைத் துழாவி ஒரு புட்டியை எடுத்தார். மெழுகைக் கழுவுவதற்காகக் கொண்டுவந்த ஹெக்ஸேன். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னாம்மா இது, பெட்ரோலா?"

"இல்லீங்க, பூச்சி மேல இருக்கிற மெழுகைக் கரைக்கிற மருந்துங்க."

"பூச்சிக்கு மெழுகா? யார் காதுல பூ சுத்தறே? ஊரே பத்திக்கினு எரியுது, நீ புட்டியில பெட்ரோல் எடுத்துக்கினு வர்றே!"

அப்படியே சாலையில் கவிழ்த்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மரம் வெட்டிப் போட்ட சாலையில் பெட்ரோல் வாசத்தோடு நடந்தது என் முட்டாள்தனம். "வூட்டுக்குப் போம்மா" என்றார். போகவில்லை. கச்சிராயபாளையம் வரை வெல்லம் ஏற்றிப் போன வண்டியில் மூன்று ரூபாய், அங்கிருந்து மலைக்கு ஜீப்பில் எட்டு ரூபாய். வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது மாலை 3.30.

காசியம்மாள் அக்கா கள்ளக்குறிச்சி சந்தையில் என் அம்மாவுக்கு மொச்சை விற்பவர். முப்பது வயதிருக்கும், மலையில் சொந்தமாக இரண்டு ஏக்கர். நேரே அவர் வீட்டுக்குப் போய், பேராசிரியர் சொன்னதையும் புட்டி போன கதையையும் சொல்லி அழுதேவிட்டேன்.

"போனா போவுது, வுடு. சாம்பல்ல வெசம் கீதுன்னா சொன்னாரு உங்க வாத்தியாரு?" என்று கேட்டார். "அப்ப அடைமழையில மட்டும் ஏன் சாவ மாட்டேங்குது? மழ நாள்ல எவ்ளோ சாம்பல் போட்டாலும் வண்டு ஜாலியா சுத்திக்கினு தானே கீது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷம் என்றால் மழையிலும் கொல்ல வேண்டும். காய்ந்து சாவதாக இருந்தால்தான் ஈரக் காற்றில் பிழைக்கும். இதற்கு ஹெக்ஸேன் எதற்கு?

மூன்று கண்ணாடிக் குழாய், ஒவ்வொன்றிலும் பத்து வண்டு. முதலாவதில் சாம்பல் இல்லை. இரண்டாவதில் சாம்பல். மூன்றாவதிலும் சாம்பல்தான், ஆனால் அதில் படாமல் மூடிக்குக் கீழே ஈரப் பஞ்சைத் தொங்கவிட்டேன். மூன்றும் ஒரே பலகையில். பஞ்சு காயாமல் பார்த்துக்கொண்டவர் அக்கா. மூன்றாம் நாள் காலை பார்த்தால், சாம்பல் மட்டும் போட்டதில் பத்தும் சுருங்கிச் செத்திருந்தன. ஈரப் பஞ்சு வைத்ததில் எட்டு உயிரோடு ஊர்ந்தன. சாம்பல் இல்லாததில் ஒன்றுகூடச் சாகவில்லை. "நான் தான் சொன்னேன்ல?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு அக்கா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

சென்னையில் பேராசிரியர் அட்டவணையை இரண்டு தடவை படித்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "நன்றியுரையில யாரு இந்தக் காசியம்மாள்? அடிச்சிடு."

"அடிக்க மாட்டேன் சார்."

"மலையில மொச்சை விக்கிறவ பேரோட ஆய்வேட்டுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"ஈரத்துல சாகாதுன்னு அவங்கதான் சார் சொன்னாங்க. பேரை எடுத்தா அட்டவணையையும் எடுக்கணும்."

காலை பதினொன்றிலிருந்து அவர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மணிக்கு, என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

இப்போது போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்து உண்டு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஸ்வெட்டர் அவசியம். மொச்சை வாங்கினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சாம்பல் ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள். மலையில் யாராவது ஒரு விஷயம் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே அவர் பெயரையும். பிறகு அந்தப் பெயரை அடிக்கச் சொல்லி எவராவது கேட்டால், அடிக்காதீர்கள். கால் வலிக்கும், பரவாயில்லை, நில்லுங்கள்.