வேம்பில் சாய்த்த ஏணி

போன வாரம் ஒரு சாயங்காலம் திண்டுக்கல்லில் அடித்த காற்று உள்ளூர் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மழை என்னவோ பெயருக்குத்தான். காற்றுதான் ஆடித் தீர்த்துவிட்டது. தகரம் பறந்தது, ஃப்ளெக்ஸ் போர்டுகள் கிழிந்தன, கரண்ட் போனது... எங்கள் வீட்டு வாசல் வேம்பும் தப்பவில்லை.

மரம் விழவில்லை. விழுந்திருந்தால்கூட ஒரு வகையில் நிம்மதி. இரண்டாகப் பிரியும் கவட்டையில் பெரிய கிளை ஒன்று பாதி கிழிந்து, பட்டையின் பிடியில் தொங்கியது. அதன் நுனி காம்பவுண்டுச் சுவரில் ஊன்றியிருந்தது. கிளை மொத்தமும் வில்லாக வளைந்து நின்றது. பக்கத்திலேயே கரண்ட் ஒயர்.

நாமே வெட்டிவிடலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா? வாசலில் மரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் காற்றுக்கு மறுநாள் வருகிற கேள்விதான். கைக்கு எட்டுகிற கொம்பு என்றால் நானே அரிவாளை எடுத்திருப்பேன். இது தலைக்கு மேலே, பாரத்தோடு, கிழிந்து நிற்கிற கிளை. கிரேன் வண்டி வைத்து மரம் வெட்டுகிற குழு ஒன்றின் நம்பரைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். பேசினேன். ஊர் முழுக்க வேலை கிடக்கிறது, மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார்கள். சரி என்றேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் என் மனைவி தமிழ்ச்செல்வி, பேச்சுவாக்கில் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டாள்.

அவள் தம்பி பாண்டி வத்தலக்குண்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பிறந்தது தென்னந்தோப்புக் குடும்பத்தில். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டில் ஒரு காரியம் என்றால் தம்பிதான் முதலில் வந்து நிற்க வேண்டும் – பிள்ளைக்குக் காது குத்தினாலும் சரி, கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆனாலும் சரி. அவன் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால் அது அவனைச் சபையில் வைத்து அவமானப்படுத்தியது போல.

மறுநாள் காலையிலேயே பைக்கில் வந்துவிட்டான். சாக்கில் சுற்றிய அரிவாள், தோளில் கயிறு. காபிகூடக் குடிக்காமல் ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்தான். மதியம் ஆள் வருகிறது என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"நான் இருக்கையில வெளியாள் எதுக்கு மச்சான்? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாக?"

அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. மச்சான் சொல்லும் புத்திமதிக்கு மச்சினனிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? விறுவிறுவென்று ஏறி, ஒரு காலைக் கவட்டையில் வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டுத் தமிழ்ச்செல்வி வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

என் மாமனார் இறந்ததும் இப்படித்தான். சித்தையன்கோட்டையில் அவருடைய தங்கை வீட்டுப் புளியமரத்தில், காற்றில் முறிந்த கிளையை வெட்ட ஏறினார். மரம் ஏறுவதில் கெட்டிக்காரர். வெட்டுப்பட்ட கிளை துள்ளி அவரைத் தள்ளிவிட்டது. பாண்டி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தங்கை அவரைக் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு அவராகத்தான் போனார். ஆனால், ஏறும்போது தங்கை தடுக்கவும் இல்லை.

அந்தத் 'தடுக்கவில்லை' என்பதை இந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அந்த அத்தைக்குத் தெரியும். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கு வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எப்போது கிளம்பிப் போனார் என்றே தெரியாது. பாண்டி அவரோடு பேசுவதில்லை.

தமிழ்ச்செல்வி கத்தவில்லை. மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்துப் பேசினாள்.

"அப்பு, எம் மக காதுகுத்துக்கு நீதான முன்ன நின்ன? அன்னைக்கு நீயா சமச்ச? சமையலுக்கு ஆள் வந்தாக. நீ பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு நின்ன. அதான் எனக்கு மரியாத. இன்னைக்கும் கீழ நின்னு நடத்திக் குடு."

அவன் அசையவில்லை. கவட்டையில் வைத்த கால் வைத்தபடியே இருந்தது. கையில் அரிவாள். அப்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

"என்னைய இன்னொரு அத்தை ஆக்கிறாதடா."

பாண்டி இறங்கினான். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

மதியம் வண்டி வந்தது. கரண்ட் ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலையில் கை வைத்தார்கள். அதற்குள் பாண்டிக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டினான், தெருவில் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினான், எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். தாய்மாமன் அதிகாரம் தூள் பறந்தது.

மேலே கிரேன் கூண்டில் நின்றவர்கள் பெல்ட் மாட்டியிருந்தார்கள். கிளையை இரண்டு இடத்தில் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இறக்கினார்கள். அவ்வளவு பக்குவமாகச் செய்தும், வளைவு விட்டதும் மிச்சக் கிளை பட்டையைப் பிய்த்துக்கொண்டு துள்ளியது. துள்ளிப் போய்க் கவட்டையில் அடித்தது – காலையில் பாண்டி கால் வைத்திருந்த அதே இடத்தில். மரமே ஒரு குலுங்கு குலுங்கியது.

தமிழ்ச்செல்வி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரம் பிழைத்துவிட்டது. ஒரு பக்கம் மொட்டையாக, பார்க்கப் பாவமாக நிற்கிறது. நிற்கிறதே, அது போதும்.

வெளிச்சம் இருக்கும்போதே பாண்டி கிளம்பினான். அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டே அக்காவிடம் சொன்னான்.

"நீ அம்புட்டு சொல்லியும் எனக்கு எறங்க மனசு வரலக்கா. வெக்கமா இருந்துச்சு. எனக்கே இப்பிடின்னா அப்பா எங்க எறங்கியிருக்கப் போறாரு... அத்தை தடுத்திருந்தாலும் ஏறியிருப்பாரு."

தமிழ்ச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடம் அந்த அம்மாள் உட்கார்ந்த கடைசி வரிசை என் கண் முன்னே வந்தது.

வத்தலக்குண்டுக்குப் போகிறவன் வழியில் எங்கேயும் நிற்க மாட்டான். வீடு போய்ச் சேர்ந்துவிட்டானா என்று கேட்க இவள் அவன் நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தது சித்தையன்கோட்டை அத்தை.

"பாண்டி இங்க நம்ம வீட்டுலதான் இருக்கான் தாயி. சாப்டுக்கிட்டு இருக்கான்."

உங்கள் வீட்டு மரத்திலும் கிளை முறிந்து தொங்குகிறதா? ஒயர் பக்கத்தில் இல்லாமல், தரையில் நின்றபடி கைக்கு எட்டுகிறது என்றால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். ஏணி தேவைப்பட்டால் தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மச்சினன் கோபித்துக்கொள்வான்தான்...

கோபித்துக்கொள்ள அவன் இருக்கட்டும்.