எண்ணெய்ப் பாட்டிலில் போட்ட கோடு

"இந்த மாசமும் எண்ணெ பத்தாது அத்த" என்று அலுத்துக்கொண்டே மருமகள் பாக்கெட்டை வெட்டிப் பாட்டிலில் ஊற்றினாள். கடலை எண்ணெய் வாசம் என்னை உசிலம்பட்டியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே அம்மா சந்தையில் வாங்கும் ஒரு பாட்டில் எண்ணெய் அடுத்த சந்தை வரை வந்தாக வேண்டும். தினமும் காலையில் பாட்டிலின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பாள். எண்ணெய் அன்றைக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ஐயாவுக்கு வடை ஆசை வந்துவிட்டது. அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு, கோட்டை அழித்துக் கீழே இறக்கிப் போட்டார். திரும்பி வந்த அம்மா பாட்டிலைத் தூக்கினாள். கோடு இன்னும் காயவில்லை.

"கோட்ட எறக்கிட்டீக, சரி. எண்ணெய ஏத்துவீகளா? சந்தைக்கு மொத நாளு புள்ளைகளுக்கு எதுல தாளிக்க?"

"ஒரு வடைக்கு இம்புட்டுப் பேச்சா!"

முனகிக்கொண்டே ஐயா விரலால் கோட்டை அழித்து, பழைய இடத்திலேயே போட்டார். அன்று அம்மா கொழுக்கட்டை அவித்தாள். ஐயா கேட்டு வாங்கித் தின்றார். சந்தையன்று காலையில் தோசைக்கும் எண்ணெய் இருந்தது.

"என்ன அத்த, சிரிக்கிறீக?" என்றாள் மருமகள்.

"அந்தப் பாட்டில இங்கிட்டுக் குடு. மாசக் கடைசி வரைக்கும் வர வச்சுக் காட்டுறேன்."