ஒரே இழுப்பு இஞ்சின்

இந்த மராட்டி ஊரில், ஔந்தில், புல் வெட்டும் வேலை உங்களுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். அது எங்கே வந்தது? என் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் இனி வீட்டில் சும்மா இருப்பார் என்று நான் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். அவரோ கன்டோன்மென்ட் ஏலத்தில் ஒரு பழைய புல்வெட்டும் மெஷினை எடுத்து, டெம்போவில் ஏற்றி, பக்கத்துச் சாங்வியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முன்னால் உருளைக் கத்தி, பின்னால் இரும்பு ரோலர், நடுவில் ஒரு சீமை இஞ்சின். இறக்குவதற்கு நாலு ஆள் வேண்டியிருந்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஔந்தில் கட்டடங்கள் எழும்ப எழும்ப ஒவ்வொரு அடுக்குமாடி சொசைட்டிக்கும் முன்னால் ஒரு புல்தரை முளைத்தது. அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். நான் கோணிப்பையோடு பின்னால் போய், வெட்டிய புல்லை வாரி அடைப்பேன். வீட்டு வேலை முடித்துப் புல் வேலை, புல் வேலை முடித்து மறுபடியும் வீட்டு வேலை. இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதற்கும் அலுப்பாக இருந்த காலம் அது.

அந்த சீமை இஞ்சினைக் கிளப்புவதே தனிக் கூத்து. சக்கரத்தில் கையால் கயிற்றைச் சுற்றி, ஒரு காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நாளிலேயே நாழிப் பால், குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். சில வருஷத்திலேயே அவருடைய வலது தோள் போய்விட்டது. மூட்டு தேய்ந்திருக்கிறது, இழுக்கிற வேலையும் தள்ளுகிற வேலையும் கூடாது என்று டாக்டர் சொன்னார். இழுப்பதும் தள்ளுவதும் தவிர அந்த வேலையில் வேறு என்ன இருக்கிறது? விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதட்டினேன். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அந்த இஞ்சினே செத்தது. உள்ளே தேய்ந்துபோன சாமானுக்கு மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் சாமிக்கு விளக்கேற்றினேன் என்றால் நம்பவேண்டும். ஆனால் மனிதர் விட்டால்தானே! மறு வாரமே ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அப்போதுதான் சல்லிசான சைனா இஞ்சின்கள் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. பம்புசெட்டுக்கு மாட்டுகிற சின்ன இஞ்சின், பளபளவென்று சிவப்பாக இருந்தது.

"இது பொம்மை மாதிரி இல்ல இருக்குது?" என்றேன்.

"நீ பாரு, ஒரே இழுப்பு."

"சைனா சாமான்ங்க. எத்தனை நாளைக்கு வரும்?"

"இஞ்சினுக்கு ஊர் ஏது? ஒழுங்கா வச்சுக்கிட்டா எதுவும் ஓடும்."

பழைய சட்டத்தின் ஓட்டைகளும் புது இஞ்சினின் ஓட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடையில் ஒரு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அதைவிடப் பெரிய சிக்கல், பழையதும் புதியதும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றும் இஞ்சின்கள். அப்படியே மாட்டினால் கத்தி பின்பக்கமாகச் சுற்றிப் புல்லைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். அதை முதலிலேயே யோசித்து இஞ்சினைத் திருப்பி உட்காரவைத்தார். அதனால் புகைக்குழாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு வளைந்த குழாய் மாட்டிப் புகையைக் கீழே இறக்கினார். எல்லாம் முடிந்து கயிற்றை இழுத்தார். நிஜமாகவே ஒரே இழுப்புத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

ஆனால் ஒரே இழுப்பென்றாலும் இழுப்பது அதே தோள்தானே. ஒவ்வொரு வரிசை முடிவிலும் கைப்பிடியைத் தூக்கி அத்தனை இரும்பையும் திருப்ப வேண்டும். ஒரு வருஷத்தில் அவரால் வலது கையைக் காதுவரைகூடத் தூக்க முடியவில்லை. தலைவாரிவிடுவதும் சட்டைப் பொத்தான் போடுவதும் என் வேலையாயின. கேட்டால் "வாயுப் பிடிப்பு" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது கண்டே நவமி. மெஷினைக் கழுவித் துடைத்து, செண்டுமல்லி மாலை சாத்தி, அவரே சந்தனம் அரைத்து இடது கையால் அப்பினார். பெட்ரோல் டாங்கில் பட்டை, அதன் மூடியின்மேல் ஒரு பெரிய உருண்டை, அதற்கு நடுவில் குங்குமம்.

"எனக்குக்கூட இத்தாம் பெரிய பொட்டு வச்சதில்ல நீங்க" என்றேன்.

"நீ என்ன ஒரே இழுப்புல கிளம்பிடுவியா?" என்றார்.

தசரா முடிந்து வேலைக்குப் போனோம். கொஞ்ச நேரம் ஓடிய இஞ்சின் பொக்கென்று நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது. அன்றைக்கு முழுக்க இதே கதைதான். கடைசியில் இழுக்கும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்து நான் கோணிப்பையைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

அடுத்த வாரமும் அப்படியே. சொசைட்டி செக்ரட்டரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "சைனா மால் ஹை, அங்கிள்" என்று சிரித்தார். வழக்கமாக இதற்குச் சண்டைக்குப் போகிறவர், அன்று கயிற்றைக் கீழே விட்டார். "ஆமா, சைனா மால்தான். இனிமே சரிப்படாது" என்றார். அந்த வாரமே மெஷினை அங்கே தோட்டவேலை பார்த்த மராட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

அவர் வீட்டில் உட்கார்ந்தது எனக்கு நிம்மதிதான். ஆனாலும் பொழுதன்றைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் காணச் சகிக்காமல் நான் அந்த இஞ்சினைச் சபித்தேன். பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே, கட்டையில் போக, என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினேன். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

மறுவருஷம் மழை விட்டபின் காய்கறிக்குப் போனபோது ஒரு பங்களாவுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் மெஷின், அதே சிவப்பு இஞ்சின். தோட்டக்காரர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு வந்தார்.

"நின்னு நின்னு போகலையா?" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் கேட்டேன்.

"அது எதுக்கு அண்ணி நிக்கப்போவுது?" என்றார். "மூடியில காத்துப் போற ஓட்டை இருக்குதில்ல, அதுல சந்தனம் காஞ்சு அடைச்சுக்கிடக்குது, காத்து போகாம பெட்ரோல் இறங்கல, ஊசியால குத்தி எடுத்துடுன்னு அண்ணாதான் குடுக்கும்போதே சொன்னாரே. எடுத்தேன். அதுலேருந்து ஒரே இழுப்புத்தான்."

வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன். அவர் வெளியே கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட நான் வரக் காத்திருந்தார். கத்த வேண்டும் என்றுதான் வந்தேன்.

"அந்த சைனா இஞ்சின் ஓடுதுங்க. இப்பதான் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓடும். அதுக்கென்ன? அது நல்ல இஞ்சின்தான்."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன்.