நன்றாகத் தூங்குகிறோம்

இன்று ஆவடியில் முன்னாள் ராணுவத்தினருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் பயிற்சி. லைசென்ஸ் இருந்தால்தான் எனக்கு வங்கியில் காவல் வேலை.

முடிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில், 'இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?' என்று ஒரு கேள்வி.

மாத்திரை போட்டும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 'இல்லை' என்று எழுதப் போனேன்.

பக்கத்திலிருந்த அண்ணனூர் செல்வராஜ் கையைப் பிடித்தான். "இன்னா அண்ணாத்தே எழுதிகினு கீற? அப்டி எழுதுனா லைசென்ஸ் தர மாட்டாங்கோ."

"நீ தூங்குறியா?"

"தூங்குறேன்னு எழுதிட்டேன்."

நானும் அப்படியே எழுதினேன்.

படிவங்களைப் புரட்டிய பயிற்சியாளர், "எல்லாருமே நல்லா தூங்குறீங்க, சந்தோஷம்" என்றார். ஒருவரும் நிமிரவில்லை.

இனி எங்கள் கையில் துப்பாக்கி இருக்கும். நீங்களாவது நிம்மதியாகத் தூங்குங்கள்.