தெருவிலேயே கூரான கண்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெருவில் மொத்தம் எத்தனை மூளை இருந்தது என்று எண்ணினால் ஒரு கை விரல்களிலேயே மிச்சம் விழும். அந்தத் தெருதான் எனக்குக் கூரான கண் என்று பட்டம் கொடுத்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எதிர்வீட்டு வாசலில் கட்டியிருப்பது எருமையா, இல்லை குந்தியிருப்பது அந்த வீட்டுக்காரரா என்று எனக்குத் தெரியாது. எருமை கத்த வேண்டும், அல்லது அவர் இரும வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் முடிவுக்கு வருவேன்.

பட்டம் கிடைத்தது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைத்ததற்காக. தறியில் ஒரு பாவு நெய்து தீரும்போது பழைய இழைகளின் நுனிகளை, அவை நுழைந்து வரும் அச்சுக்குப் பின்னால் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, அந்த நுனிகளோடு சேர்த்து முறுக்க வேண்டும். இரண்டாயிரம் இழைக்கு மேல் இருக்கும். பெரியவர்கள் துழாவுவார்கள். நான் மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மளமளவென்று முடித்துவிடுவேன். அரை முழத்துக்குள் இருக்கும் எதுவும் எனக்குத் தப்பாது, இழையில் ஒட்டிய பஞ்சுப் பிசிறுகூடத் தெரியும். அதற்கு அப்பால் உலகம் முழுவதும் எனக்குக் கஞ்சித் தண்ணீர்தான்.

வீட்டுக்குத் தலைவர் பெரியப்பா. அப்பா அவருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். பின்னாலும் திறந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா என்னைத் தறிக்குப் பின்னால் உட்காரவைத்துப் பிணைக்கச் சொல்லிக் காட்டுவார். வந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். விரல் வைத்தது யார் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியதற்குப் படிப்பின் மேல் யாருக்கும் இருந்த மதிப்பு காரணமல்ல. பெண்பிள்ளைகளின் தலை குறைந்தால் மேலதிகாரி கேள்வி கேட்பாராம். வாத்தியார் வீடு வீடாக வந்து கெஞ்சினார். பெரியப்பா போனால் போகிறது என்று மத்தியானம் வரைக்கும் விட்டார். போன சில நாளிலேயே படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நூல் கட்டைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாளைக்கூட விடமாட்டேன். பாதிச் செய்தியோடு தாள் கிழிந்திருக்கும். மீதி என்ன ஆயிற்றோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சுகம் அதுதான்.

வாத்தியாருக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிப்போடுவதில் மோகம். பெண்களுக்கான பாய் கடைசியில், கதவோரம். எனக்குப் பலகையே ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. தெரியவில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இழை தெரிகிற கண்ணுக்கு இவ்வளவு பெரிய எழுத்துத் தெரியவில்லையா என்று புளியம் விளாறால் இரண்டு கையிலும் போட்டார். முன்னால் வந்து உட்கார்ந்து பார் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. முன்வரிசை பையன்களுக்கு, அதை மாற்றினால் பூமி சாய்ந்துவிடும் போல. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து பொய் சொல்கிறாள் என்று ஒப்பித்தார். பெரியப்பா தன் பங்குக்கு இரண்டு வைத்தார். அதற்குப் பிறகு பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்து எழுதிப் பிழைத்தேன். அவளுக்குக் கணக்கு வராது, அதனால் எனக்கும் வரவில்லை.

ஒரு விடிகாலை பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமான இடத்தில் இல்லாமல் அன்று கிணற்றடிப் பக்கம் கட்டியிருக்கிறார்கள். நான் இடுப்பில் குடத்தோடு நேராக அதற்குள்ளேயே நடந்துபோய் விழுந்தேன். குடம் உடைந்தது. அதைவிட மோசம், இழைகள் கொத்துக்கொத்தாக அறுந்தன. தெருவே கூடிவிட்டது. இப்போதாவது ஒருவருக்குப் புத்தி வேலை செய்யும் என்று நினைப்பீர்கள். வேலை செய்தது. ஊரெல்லாம் இவள் கண்ணைப் புகழ்ந்து புகழ்ந்து கண்ணேறு பட்டுவிட்டது என்று கண்டுபிடித்தார்கள்.

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் கமறாவிட்டால் திருஷ்டி உண்டு என்று அர்த்தம். கமறிய கமறலில் குடும்பமே குடல் வெளியே வருகிற மாதிரி இருமியது. இருமிக்கொண்டே, பார், கமறவேயில்லை என்று பெரியம்மா சொன்னாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் பொன்னாங்கண்ணிக் கீரை. எங்கள் வீட்டு ஆடுகூட அந்த மாதம் என்னைப் பொறாமையாகப் பார்த்திருக்கும், எனக்குத்தான் அது தெரியாது.

உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னவர், சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து துணி எடுத்துப்போகும் சாயபு. அவர் மூக்கில் கண்ணாடி போட்டிருப்பார். நடந்ததைக் கேட்டதும் அதைக் கழற்றி என் மூக்கில் வைத்துப் பார்த்தார். இருந்த கொஞ்ச உலகமும் கரைந்து போயிற்று. ஒன்றும் தெரியவில்லை என்றேன். பார்த்தீர்களா, இவளுக்குக் கண்ணாடி ஆகாது என்று பெரியப்பா உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"என் கண்ணாடி கிட்டத்துக்குங்க. புள்ளைக்குத் தெரியாதது தூரம். அது வேற, இது வேற," என்றார் சாயபு. "சேலத்துல கண் டாக்டருகிட்டக் காட்டுங்க. விட்டுப்புடாதீங்க."

சரக்கு எடுக்க வருகிறவர் சொன்னதைத் தட்ட முடியாமல் பெரியப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் சுவரில் எழுத்துகளை மாட்டிவைத்திருந்தார். சுவரே எனக்குச் சந்தேகமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாக மாற்றி மாற்றிக் கண்முன்னால் வைத்தார். ஒரு சில்லில் எழுத்துகள் சட்டென்று கறுப்பாக, ஓரம் பிசிறாமல் நின்றன. நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். டாக்டர் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குழந்தைக்கு இத்தனை நாளா எட்ட இருக்கிறது எதுவுமே தெரியலை. கண்ணாடி போடணும். கிட்ட வச்சுப் பார்க்கிற வேலையைக் குறைக்கணும். இருட்டுல உட்காரவைக்காதீங்க, வெளியில விளையாட விடுங்க."

"ஆகட்டுங்க," என்றார் பெரியப்பா பணிவாக. "நாளைக்கே படிப்ப நிறுத்திப்போடறனுங்க."

நூல் விஷயம் டாக்டருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது. டாக்டர் கண்ணாடிக்கு நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் குருடி என்பார்கள், எவன் கட்டுவான் என்பது பெரியப்பாவின் கவலை. ஆக, டாக்டர் சொன்னதில் அவர் நிறைவேற்றியது இவ்வளவுதான்: மத்தியானம் வரை வெளிச்சத்தில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவளை, காலை முதல் விளக்கு வைக்கிற வரை ஒற்றைச் சன்னல் அறையில் இழை பார்க்கவைத்தார். என் கண்ணைக் காப்பாற்றுகிறாராம். தாளில் எழுத்தைப் பார்த்தால் கண் கெடும், நூலைப் பார்த்தால் கெடாது என்று அந்த மனிதர் மனதார நம்பினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் தறி போதாதென்று பக்கத்து வீட்டுப் பாவுக்கும் என்னை அனுப்பினார். நூல் கட்டில் வந்த தாளைக்கூட என் கைக்கு எட்டவிடாமல் பெரியம்மா அடுப்பில் போட்டாள்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகப் பிணைத்தேன். ஓரத்துச் சிவப்பு இழையைப் பத்து இழை தள்ளி உள்ளே கொண்டுபோய் முறுக்கினேன். நடுவில் அங்கங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இழைகளை மாற்றிப் போட்டேன். மறுநாள் அப்பா தறியில் உட்கார்ந்தார். கால் மிதித்த போதெல்லாம் இழை அறுந்தது. இறங்கி வந்து பின்னால் பார்த்துவிட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

நான் ஒன்றும் தெரியவில்லை என்று அழுதேன். நன்றாகவே அழுதேன். பலகை தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னபோது அடித்தவர்கள், இந்தப் பொய்யை உடனே நம்பினார்கள். நூல் கெட்டுப்போனது அல்லவா, அதனால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அம்மா என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் கல்யாணமாகி வந்த நாளாகப் பாவு பிணைத்தவள், இழை தானாகத் தப்பியதா, தப்பவைத்ததா என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அப்பா யாரையும் கேட்காமல் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். என் நினைவில் அவர் தாமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கண்ணாடியோடு திரும்பி வரும்போது கஞ்சமலையில் மரங்கள் இருப்பதைப் பார்த்தேன். அதுவரை அது ஒரு நீலக் கட்டி என்றுதான் நினைத்திருந்தேன். தெருவுக்குள் நுழைந்ததும் எல்லார் முகமும் தெரிந்தது. தெரிந்ததில் எனக்கு ஒன்றும் பெரிய லாபமில்லை.

கண்ணாடிக் கண்ணுக்கு இழை பிடிபடாது என்று பெரியப்பா அறிவித்தார். கழற்றி வைத்துவிட்டால் நான் பழையபடியே பிணைப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தறிக்கு உதவாதவள் எங்கேயாவது போகட்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள். கதவோரப் பாயிலிருந்தே பலகை முழுவதையும் படித்தேன். அந்த வருஷம் கணக்கில் முதலாவதாக வந்தேன். எல்லாம் தன் புளியம் விளாறு செய்த வேலை என்று வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவ்வளவு பேரைத் திட்டியாயிற்று. திட்ட வேண்டிய ஒருத்தி மிச்சம் இருக்கிறாள்.

எனக்கு ஒரு தங்கை, அப்போது ஏழு வயது. அதுவரை முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு கிடந்தவள். நான் எழுந்த இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வரவே கூடாது என்று வாத்தியாருக்குச் சொல்லியனுப்பினார் பெரியப்பா, ஒரு கண் படிப்பால் கெட்டது போதுமாம். அவள் பிணைப்பதைப் பார்க்க மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். காலையில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் கையில் சாம்பலோடு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்காமல் செருப்பில்லாத என் காலைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் பள்ளிவிட்டு வந்தேன். தெருவில் வரும்போதே திறந்த கதவு வழியாக அவள் தெரிந்தாள். இழையை மூக்கோடு மூக்காகப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, கண்ணை இடுக்கி என் பக்கம் பார்த்தாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த சாம்பல்கூட எனக்குத் தெரிந்தது.

"ஆரது?" என்றாள்.

அந்தக் கண்ணிடுக்கல் என்னவென்று அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் அவளை எழுப்பிவிடுவார்கள். பிணைக்க ஆள் வேண்டும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீ உட்கார் என்பார்கள்.

"நாந்தான்," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.