மாலை போட்ட வீட்டுக்கு ஒரு கேக்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாமல் கேக் செய்யப் போவதாக அம்மா சொன்னாள். எனக்குப் பகீரென்றது. முட்டை இல்லாவிட்டால் கேக் உப்பவே உப்பாது என்று பள்ளியில் ஒரு பெரிய அக்கா அடித்துச் சொல்லியிருந்தாள்.

கேக் எங்களுக்கல்ல, அனுப்பர்பாளையத்தில் இருந்த பெரியப்பாவுக்கு. அப்பாவின் சொந்த அண்ணன். ஆனாலும் அந்த வீட்டு வாசலை நான் பார்த்ததில்லை. அம்மா சர்ச்சுக்குப் போகிறவள். அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பாவோடு அண்ணனுக்குப் பேச்சில்லை. அந்த ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில் எதிரே வந்துவிட்ட பெரியப்பா என்னைப் பார்த்து, "பாப்பா எத்தனாவது படிக்குது?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா கேக் வரைக்கும் வந்திருந்தாள். பெரியப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும், முட்டை போய்த் தயிர் வந்தது.

"பேக்கரியில வாங்கிக்கலாமே" என்றார் அப்பா.

"வேண்டாமுங்க. எதுல செஞ்சாங்களோன்னு அவங்களுக்கு மனசு ஒப்பாது. நானே தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, புதுப் பாத்திரத்துல செய்யறேன்."

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அம்மா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகியிருந்தாள். குக்கர் அடியில் மணலைப் பரப்பி, விசில் போடாமல் மூடி வைத்தாள். முதல் கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. அதை நாங்களே தின்றோம். கிறிஸ்துமஸ் அன்று காலையில் இரண்டாவது. நான் அடுப்பை விட்டு நகரவில்லை. "மூடியத் தொறந்தே, அவ்வளவுதான்" என்று அம்மா அதட்டினாள். அவளே இரண்டு தடவை திறந்து பார்த்தாள். எப்படியோ அது உப்பிவிட்டது.

மூவரும் பைக்கில் போனோம். தெருமுனை டீக்கடையிலேயே அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். "நான் வந்தா பழைய பேச்சு கிளம்பீரும். நீங்க போயிட்டு வாங்க."

கறுப்பு வேட்டியும் தாடியுமாக இருந்த பெரியப்பாவைப் பார்த்ததும் நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மாலை போட்டவர் என்பதால் அம்மா அவரைச் 'சாமி' என்றாள். "சாமி, முட்டை போடலீங்க. புதுப் பாத்திரமுங்க. குளிச்சுட்டுத்தான் செஞ்சேனுங்க." பாத்திரத்தை நீட்டினாள்.

அவர் வெகுநேரம் கேக்கையே பார்த்தார். வெட்டச் சொல்வார், ஒரு வாய் போட்டுப் பார்ப்பார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ இரண்டு கைகளாலும் அதை வாங்கி, உள்ளே எடுத்துப் போய், விளக்கு எரிந்துகொண்டிருந்த சாமி படத்துக்கு முன்னால், வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பி வந்து, "வெயில்ல நடந்தா வந்தே அம்மிணி? உக்காரு" என்று அம்மாவிடம் சொன்னார். எங்களுக்கு மோர் கொடுத்தார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்ததும் அம்மா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை பாடுபட்டது வீணாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்ன கண்ணு, பெரியப்பா தின்னாரா?"

"ஒரு துண்டு கூடத் தின்னலீங்கப்பா. அப்படியே கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆமென்று தலையாட்டினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடையின் டிரம்முக்குப் போய், தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். தோள்கள் குலுங்கின.

பாவம், அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது, தின்றார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.